முட்டைக்கு முன்சீட்டு

ஏப்ரல் 9

இது போன வருடத்து டைரி. விதைக்கடையில் கொடுத்தது. என் வீட்டுக்காரர் வாங்கி வந்து அரிசி டின் மேல் வைத்தார், அதோடு சரி. கிழமை எல்லாம் தப்பாக இருக்கிறது. இருக்கட்டும். இன்று என்ன கிழமை என்று தெரிந்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

நர்சம்மா சொல்லித்தான் எழுதுகிறேன். தூக்கம் வரவில்லை, மாத்திரை கொடுங்கள் என்று கேட்டேன். "மாத்திரை வேணாம்மா. மனசுல இருக்கிறத தெனமும் எழுதுங்க, பாரம் கொறையும்" என்றாள். ஐந்தாவதோடு நின்றவளுக்கு மாத்திரையே தேவலை. பக்கத்தின் அடியில் தினம் ஒரு விவசாயக் குறிப்பு அச்சடித்திருக்கிறது. இன்றைக்கு வாழைக்கு மண் அணைக்கச் சொல்கிறது. அணைத்துவிட்டேன். இனி மனசு.

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. எங்கள் கானல்மேடு மலைமேல் இருக்கிறது. கீழே வத்தலக்குண்டு. அவரும் அவர் தம்பி சடையாண்டியும் சேர்ந்து ஒரு பிக்கப் வாங்கினார்கள். ஓட்டியது இவர்தான். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்குவார், திரும்பும்போது ஊருக்கு வேண்டிய உரம், மளிகை, முட்டை கொண்டு வருவார். வழியில் முட்டிப்பாறை ஏத்தம் என்று ஒன்று இருக்கிறது. பாறையும் சரளையும்தான், ரோடு கிடையாது. பாரம் குறைவாக இருந்தால் அங்கே பின்சக்கரம் இரண்டும் தவளை மாதிரி குதிக்கும்.

தை மாதம் ஒருநாள் அப்படிக் குதித்ததில், இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ஷாப்ட் முறிந்தது. முறிந்த துண்டு சுழன்று பிரேக் குழாயை அறுத்தது. வண்டி பின்னாலேயே உருண்டு சில்வர் ஓக் மரத்தில் இடித்தது. அவர் உட்கார்ந்திருந்த பக்கம். வண்டிக்குப் பெரிய சேதமில்லை என்று வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள்.

அன்று நான் வண்டியில் இல்லை. கடைவாய்ப் பல் பிடுங்கி வீட்டில் படுத்திருந்தேன். எனக்குப் பதில் சடையாண்டி பின்படியில் நின்றார். வண்டி குதிக்க ஆரம்பித்ததும் அவரும் குதித்துவிட்டார். கணுக்கால் மட்டும் பிசகியது. நன்றாக இருக்கட்டும்.

பாரம் குறைந்ததாகத் தெரியவில்லை. நாளைக்கு நர்சம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 10

பின்படி என்றால் என்ன என்று எழுதவில்லை. எழுதுகிறேன்.

முதல் முதலில் அந்த ஏத்தத்தில் என்னை இறங்கி நடந்து வரச் சொன்னார். எனக்கு முட்டி வலி. அட்டை வேறு கடிக்கும். "நடக்க மாட்டேன், வேணும்னா உங்க அம்மாவ நடக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் அம்மா அப்போது உயிரோடு இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பின்படியில நில்லு, வண்டிக்குப் பின்னாடி கனம் வேணும்" என்றார். அன்றையிலிருந்து அதுதான் வழக்கம். வண்டிக்குள் எப்போதும் நாலு மணல் மூட்டை கிடக்கும். ஐந்தாவது மூட்டை நான்.

ஏத்தத்தடி வந்ததும் என் மடியில் இருக்கிற முட்டை அட்டையை வாங்கி முன்சீட்டில் வைப்பார். துண்டால் அண்டை கொடுப்பார். என்னைப் பின்னால் அனுப்புவார். முட்டைக்கு முன்சீட்டு, பெண்டாட்டிக்குப் பின்படி. அதற்கும் நூறு சட்டம். செருப்பைக் கழற்று, படி அழுக்காகும். மலைப்பக்கம் நில்லு, பள்ளத்துப் பக்கம் நிற்காதே. காலை மாடு மாதிரி ஊன்றாதே, லேசாக வை. இத்தனை சுத்தம் பார்க்கிற மனுஷன் வீட்டில் காலைக் கழுவிவிட்டு வந்ததில்லை.

இன்றைய குறிப்பு மிளகுக் கொடிக்கு நிழல் பற்றியது. எங்களுக்கு மிளகு இல்லை.

ஏப்ரல் 11

தூங்கவில்லை.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. பாயசம் வைக்கவில்லை, ஆனால் வடை சுட்டேன். கொழுந்தனார் வந்தார். நொண்டிக்கொண்டே வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னால்தான் வருவாராம். சொன்னேன்.

"மதினி, வண்டிய வச்சு என்ன செய்யப் போறோம்? ஒட்டன்சத்திரத்துல ஒரு ஆளு கேக்குறாரு. பிரிச்சு சாமான் சாமானா விக்கிறவரு."

"ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கணும்?"

"ஆள முழுங்குன வண்டி மதினி. ஊர்ல ஒருத்தனும் அதுல தார் ஏத்த மாட்டேங்குறான். பூசாரி கோழி அறுக்கச் சொல்றாரு, அதுவும் கருங்கோழி."

"கோழி அறுத்தா சக்கரம் குதிக்காதா?"

வடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுத்துச் சாப்பிடவில்லை. அந்த வண்டியைக் கண்ணால் பார்க்கக்கூட அவர் போகவில்லை என்று ஊரே சொல்கிறது. பார்க்காமலேயே விற்க ஆசை.

எனக்கு வண்டி வேண்டும். அது இல்லையென்றால் ஊரில் வாடகைக்கு ஓடுகிற செல்லக்கண்ணுவின் ஜீப் என்றைக்கு வருகிறதோ அன்றைக்குப் பார்த்து என் தோட்டத்து வாழை முற்ற வேண்டும். போன மாதம் பாதித் தார் மரத்திலேயே பழுத்தது. குரங்குகளுக்கு நல்ல மாதம்.

"முட்டிப்பாறைய அது குதிக்காம ஏறிக் காட்டிட்டா?" என்றேன்.

"ஏறாது மதினி."

"ஏறுனா வண்டி எங்கிட்ட இருக்கும். ஏறலைன்னா அந்த ஒட்டன்சத்திரத்து ஆளு வர்ற அன்னைக்கு நானே சாவிய அவரு கையில குடுத்துடுறேன். போதுமா?"

அந்த ஆள் மே ஆறாம் தேதி வருகிறாராம். சரி என்றார். போகும்போது வெறுங்காலோடு போவதைப் பார்த்தேன். அவருடைய செருப்பு இங்கேதான் இருக்கிறது. போலீஸ்காரர்கள் வண்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த சாமானில் என் வீட்டுக்காரருடைய துண்டு, டார்ச்சு, அதோடு அந்தச் செருப்பும் இருந்தது. அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 17

வத்தலக்குண்டு போனேன். வண்டி இன்னாசி பட்டறையில் நிற்கிறது. ஷாப்ட் புதிதாகப் போட்டு, பிரேக்கும் சரிசெய்துவிட்டார். இடித்ததில் கோணிப்போன கதவு இரண்டையும் மட்டும் தட்டி நேராக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னாசிக்கு என் வயதுதான் இருக்கும். என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். இரண்டு பேருக்கும் வயதாக மனசில்லை. நிறையப் பேசுவார். வெல்டிங் வைக்கும்போது கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மூடி பிடிக்க மாட்டார். "எனக்குப் பழகிருச்சுக்கா, கண்ண மூடிக்கிட்டே வைப்பேன்" என்பார். அதைப் பெருமையாகச் சொல்வார். அவர் வைத்த வெல்டிங்கைப் பார்த்தால் நம்பலாம்.

சக்கரம் ஏன் குதிக்கிறது என்று கேட்டேன். வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்லிக் காட்டினார். புடவையோடு படுத்தேன். பின்சக்கரம் இரண்டையும் சேர்க்கிற ஆக்சில், கமான் பட்டை என்கிற வளைந்த இரும்புப் பட்டை அடுக்கு மேல் கட்டியிருக்கிறது. பாறையில் மாட்டிக்கொண்டு இன்ஜின் பலமாக இழுக்கும்போது, சக்கரம் நகராமல் ஆக்சில் முறுக்கிக்கொள்கிறது. கமான் பட்டையும் நெளிகிறது. தாங்க முடியாத நேரம் படக்கென்று திரும்புகிறது. அந்தத் திரும்பலில் சக்கரம் எகிறுகிறது. மறுபடி முறுக்கு, மறுபடி எகிறல். ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்து கையை விட்டால் திரும்புமே, அதேதான்.

"அப்ப முறுக்க விடாம ஒரு கம்பி முட்டுக் குடுத்தா?"

"இருக்குக்கா! வெளிநாட்டுல காட்டுக்குள்ள ஓட்டுறவன்லாம் போடுறான். போன்ல பாத்தேன். டிராக்சன் பாருன்னு பேரு. நம்மூர்ல ஒரு பய போட்டதில்ல. நாம போடுவோம்."

"உங்களுக்குச் செய்யத் தெரியுமா?"

"போன்ல பாத்தேங்குறேன்ல."

எனக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை. முட்டுக்கம்பி என்று எழுதிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 20

முட்டுக்கம்பிக்குக் கனமான பைப் வேண்டும் என்றார் இன்னாசி. எங்கள் தோட்டத்தில் போர்வெல் பைப் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டுப் போட்ட போர். தண்ணீர் வரவில்லை, புழுதிதான் வந்தது. பைப்பை மட்டும் விற்க மனசில்லாமல் வேலியோரம் சாய்த்து வைத்திருந்தார். அதில் அவரைக்கொடி ஏறியிருந்தது. கொடியை அறுத்துவிட்டு ஒரு துண்டு எடுத்தேன். செல்லக்கண்ணு ஜீப்பில்தான் கொண்டு போனேன்.

"எதுக்குத்தா பைப்பு?" என்றார் செல்லக்கண்ணு.

"உங்க பொழப்பக் கெடுக்க" என்றேன். சிரித்தார். நிஜம் என்று தெரியாது.

ஏப்ரல் 24

கம்பி மாட்டியாகிவிட்டது. ஜாக்கி வைத்து வண்டியின் பின்பக்கத்தை அந்தரத்தில் தூக்கி, சக்கரம் தொங்க, அடியில் படுத்து வைத்தார் இன்னாசி. ஒரு முனை ஆக்சிலில். மறு முனை வண்டியின் அடிச்சட்டத்தில். இரண்டு பக்கமும் கெட்டி வெல்டிங்.

"ஆன இழுத்தாலும் வராதுக்கா" என்றார்.

ஆனை எதற்கு முட்டிப்பாறைக்கு வருகிறது என்று கேட்கவில்லை. அவர் வீட்டம்மா மேரி வந்து கம்பிக்குச் சிலுவைக் குறி போட்டாள். நான் எலுமிச்சம்பழம் நசுக்கினேன். இரண்டு பக்கத்துச் சாமியிடமும் சொல்லி வைத்தாயிற்று.

ஏப்ரல் 26

இன்னாசி வண்டியை ஓட்டிக்கொண்டு மலைக்கு வந்தார். உரமூட்டை ஏற்றியிருந்தோம். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன், முட்டை அட்டையோடு. கதவு சரியாக மூடாமல் டக்டக் என்று தட்டிக்கொண்டே வந்தது.

முட்டிப்பாறைக்குப் போகவே இல்லை. அதற்கு முன்னால் ஓடைப் பாலத்துப் பள்ளத்தில் வண்டி இறங்கியதுதான் தாமதம், வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அடிச்சட்டத்துப் பக்கம் வெல்டிங் பிய்ந்து, கம்பி தரையில் இழுபட்டு நெருப்புப் பொறி பறந்தது. ஆனை வரவில்லை, பள்ளம் வந்தது.

பாலத்துக் கட்டையில் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். வண்டி வருவது தெரிந்துதான் வந்திருப்பார். முட்டிப்பாறைச் சில்வர் ஓக் மரம் இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் இறங்கினேன். "நாந்தான் சொன்னேன்ல" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் வந்து கம்பியைத் தூக்கி வண்டியில் போட்டார். சூடு. கையை உதறிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

முட்டையில் ஆறு உடைந்தது.

ஏப்ரல் 27

முட்டைக் குழம்பு.

ஏப்ரல் 29

மறுபடி வத்தலக்குண்டு. நானும் இன்னாசியும் வண்டிக்கு அடியில் அருகருகே படுத்திருந்தோம். பட்டறைக்கு வந்த ஒரு ஆள் குனிந்து பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டான்.

கமான் பட்டையின் பின்முனை அடிச்சட்டத்தில் நேராக மாட்டவில்லை. நடுவில் ஒரு சின்ன ஊசல் துண்டு தொங்குகிறது. வண்டி அமுங்கும்போது பட்டை நீளும், அந்த ஊசல் ஆடி இடம் கொடுக்கும்.

"பட்ட ஆடுறதுக்கு எடம் விட்டிருக்கான். நம்ம கம்பிய மட்டும் ஏண்ணே ரெண்டு பக்கமும் புடிச்சுக் கட்டுனோம்?" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் இன்னாசி.

இன்னொன்றும் இருக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அளவெடுத்து வைத்தார். பாரம் ஏறி வண்டி அமுங்கியதும் கம்பிக்கு அளவு போதவில்லை. அதுதான் பள்ளத்தில் பிய்ந்தது. போனில் வெளிநாட்டுக்காரன் வண்டியைத் தரையில் நிறுத்திப் பாரம் ஏற்றித்தான் அளவெடுக்கிறானாம். "அந்த எடத்துல பெல்லு அடிச்சது, போன எடுத்துப் பேசிட்டேங்கா" என்றார்.

ஒரு முனை கெட்டியாக, மறு முனை ரப்பர் வளையம் போட்டு ஊசலில். அப்படிச் செய்தால் முறுக்கவும் விடாது, அமுங்கும்போது தடுக்கவும் தடுக்காது. இழுத்துப் பிடிக்கவும் வேண்டும், விட்டும் கொடுக்க வேண்டும். ஒரு கம்பிக்கு எத்தனை வேலை.

மே 2

இன்று பாரம் ஏற்றி அளவெடுத்தார். அடுத்த மனையில் வீடு கட்டுகிறார்கள், அங்கிருந்து மணல் மூட்டை கொண்டுவரப் போனார்.

"மணல் எதுக்குண்ணே? நான் ஏறி நிக்கிறேன். அவரு என்னையத்தான் நிக்க வைப்பாரு. எங் கனத்துலதான் ஏத்தமே ஏறும்" என்றேன்.

இன்னாசி சிரித்தார். "யக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த வண்டிக்கு உங்க கனம் காக்கா உக்காந்த மாதிரி. உள்ள நாலு மூட்ட மணல் கெடக்குமே, அதுதான் கனம். அதுவே பத்தல."

"அப்ப என்னைய எதுக்கு நிக்க வச்சாராம்?"

"நானே உங்க வீட்டுக்காரருகிட்ட கேட்டிருக்கேன். அக்காவ ஏன் போஸண்ணே பின்னாடி தொங்க விட்டுட்டு முட்டைய முன்னாடி ஏத்துறீங்கன்னு. இந்தா, இந்த ஸ்டூல்லதான் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு. 'முட்ட ஒடஞ்சா வேற வாங்கிக்கலாம்டா'ன்னாரு."

நான் அந்த ஸ்டூலைப் பார்த்தேன்.

"எனக்கும் அப்பப் புரியல. முன்னாடி உக்காந்தா வண்டி உருளும்போது கதவத் தொறந்து எறங்க முடியுமா? பின்படின்னா ஒத்த எட்டு. அதுவும் வெறுங்காலு, மலப்பக்கம். வழுக்காம எறங்கிரலாம்ல."

"மூட்டையக் கொண்டு வாங்க. பொழுது போகுது" என்றேன்.

நாலு மூட்டை போட்டார். உரமூட்டைக்கு ஈடாக இன்னும் போட்டார். நான் தள்ளி நின்றேன். வண்டி நன்றாக அமுங்கியது. நான் ஏறியிருந்தால் அமுங்கியிருக்காது.

மலையடிவாரம் வரை வரும் பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் ஒரு பெண் மடியில் முட்டை அட்டை வைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது; அவளோடு ஏதோ சண்டை என்று நினைத்து வேறு இடத்தில் உட்காரச் சொன்னார் கண்டக்டர். பல் வலி என்றேன்.

மே 3

இன்று சமைக்கவில்லை.

சடையாண்டியின் செருப்பைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தேன். ஒரு வார் அறுந்திருந்தது. தைத்தேன்.

மே 4

இன்னாசி ஊசல் துண்டை வெல்டிங் வைத்துவிட்டார். கம்பி மாட்டி, பள்ளத்தில் இறக்கிப் பார்த்ததில் வண்டி சத்தமே இல்லாமல் வந்ததாம். போனில் மேரி சொன்னாள். ஆனால் இன்னாசிக்குக் கண் திறக்க முடியவில்லை. மூடி பிடிக்காமல் வைத்த வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டது. வீங்கிப் போய், உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைத்துப் படுத்திருக்கிறாராம்.

"கண்ண மூடிக்கிட்டே வைப்பேன்னு சொல்வாருல்ல அக்கா, இப்ப மூடியேதான் இருக்கு" என்றாள் மேரி.

வண்டியை ஏத்தத்தடி வரைக்கும் வேறு ஆளை வைத்து அனுப்புவார்கள். மேலே ஏற்ற ஆள் இல்லை. இந்த மலையில் முட்டிப்பாறையை ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் இல்லை. ஒருவர் செல்லக்கண்ணு, அவர் பிழைப்பைக் கெடுக்கப் போவதாக நானே சொல்லிவிட்டேன். மூன்றாவது ஆள் கொழுந்தனார், அவர் அந்த வண்டியில் ஏறவே மாட்டார்.

இன்றைய குறிப்பு: கோழிகளுக்கு வெயில் காலத்தில் போதிய தண்ணீர் வைக்கவும். வைத்தேன்.

மே 6

ஒட்டன்சத்திரத்து ஆள் காலையிலேயே வந்துவிட்டார். கூலிங்கிளாஸ், தொப்பை, கையில் டேப். ஏத்தத்தடியில் நின்ற வண்டியைச் சுற்றி வந்து கதவைத் தட்டிப் பார்த்தார், ஆட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி. ஊரில் வேலை இல்லாதவர்கள் எல்லோரும் பாறைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வேலை இருந்தவர்களும்.

கொழுந்தனார் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"யாரும்மா ஓட்டுறது? நான் வேணா ஏத்திப் பாக்கட்டா?" என்றார் வந்தவர்.

"வாங்க வந்தவரு ஓட்டி, ஏறலைன்னா எங்க வண்டி மேல குத்தம் சொல்லுவீங்க. எங்க வீட்டு ஆளே ஓட்டுவாரு" என்றேன்.

பையிலிருந்து செருப்பை எடுத்துக் கொழுந்தனாரின் காலடியில் வைத்தேன். அவர் அதையே பார்த்தார்.

"மதினி, என்னால முடியாது."

"முடியும். ஓட்டத் தெரிஞ்ச ஆளு நீங்கதான்."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா சாவியக் குடுத்துட்டு நடந்து போவோம். எனக்கு முட்டிதான் வலிக்கும்."

செருப்பைப் போட்டுக்கொண்டார். வண்டியில் ஏறினார். நான் சுற்றிப் போய் முன்கதவைத் திறந்தேன். முட்டை அட்டையை உள்ளே, பின்னால், வைக்கோலில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"மதினி, நீங்க பின்படியில நில்லுங்க" என்றார். "முன்னாடி வேணாம்."

"எதுக்கு? கனத்துக்கா?"

நான் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்தேன். அது மூடாது. கையால் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணன்தான் குதிடான்னாரு" என்றார், கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டே. "ரெண்டு தரம் கத்துனாரு. நானாக் குதிக்கல மதினி. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொன்னா எவன் நம்புவான்?"

"குதிக்கத்தான் உங்கள அங்க நிறுத்துனாரு."

திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்கும் அதையேதான் சொல்லியிருப்பாரு. வண்டிய எடுங்க தம்பி. அந்தாளு டேப்ப வச்சுக்கிட்டு நிக்கிறாரு, பாவம்."

எடுத்தார். முதல் பாறையில் சக்கரம் ஏறியது. இன்ஜின் உறுமியது. அடியில் எங்கோ கம்பி ஒரு முறை முனகியது, ஊசல் ஆடிய சத்தம் கேட்டது. நான் சக்கரம் எகிறும் என்று காத்திருந்தேன். எகிறவில்லை. வண்டி சாய்ந்தது, முன்னேறியது, மறுபடி சாய்ந்தது. சில்வர் ஓக் மரம் அவர் பக்கம் வந்து, பின்னால் போனது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். நடுப்பாறையில் ஒரு இடத்தில் சரளை உருண்டு பின்சக்கரம் வழுக்கியது. அவர் உடனே காலை லேசாக்கினார், திரும்பப் பிடித்துக்கொண்டது. அதை எங்கிருந்து கற்றுக்கொண்டார் என்று கேட்க வேண்டியதில்லை.

மேலே வந்து நிறுத்தினார். கீழே பாறைமேல் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். ஒட்டன்சத்திரத்து ஆள் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று செல்லக்கண்ணுவிடம் விசாரித்துக்கொண்டிருந்தது மேலே இருந்தே தெரிந்தது. செல்லக்கண்ணு கையை விரித்து என்னைக் காட்டினார். செல்லக்கண்ணுவும் ஜீப்புக்கு ஒரு முட்டுக்கம்பி போட்டுக்கொள்ள இன்னாசியிடம் போவார். போகட்டும். கண் சரியாகட்டும் முதலில்.

பின்னால் போய் முட்டையை எண்ணினேன். ஒன்றும் உடையவில்லை.

திரும்பி வரும்போது தரை காலைச் சுட்டது. குனிந்து பார்த்தால் வெறுங்கால். என் செருப்பு இரண்டும் கையில் இருந்தது. வழியெல்லாம் மடியில் வைத்திருந்திருக்கிறேன், முட்டை இருக்கிற இடத்தில். எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

கொழுந்தனார் இறங்கி வந்து நின்றார். என் காலைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"படி அழுக்காகும்னா மதினி?"

"ஆமா" என்றேன்.